ஆர்.ஐ.எம்.சி. நேர்முகத் தேர்வு: இரண்டாவது கேள்விக்குப் பையனைத் தயார் செய்யுங்கள்

கேள்வி: நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகன் ஏழாம் வகுப்பு. டேராடூன் ராணுவக் கல்லூரிக்கான (ஆர்.ஐ.எம்.சி.) எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் 24 நாள் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியம்தான் படிக்கிறான், ஆனால் பேசச் சொன்னால் திணறுகிறான். பயிற்சி மையத்தில் 80 கேள்வி பதில்களை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'பிசினஸ்மேன்' என்று சொல்ல வேண்டுமாம். கோட்டு தைக்க வேண்டுமா? இந்தி தெரியாதது குறையாகுமா? 'சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி வைக்கிறேன்' என்று ஒருவர் போன் செய்துகொண்டே இருக்கிறார், நம்பலாமா? இத்தனைக்கும் நடுவில் அவன் அம்மாவுக்கு அனுப்பவே மனமில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்:

முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடுவோம், பாதிப் பதற்றம் அதிலேயே குறையும். எழுத்துத் தேர்வில் கணக்கு 200, ஆங்கிலம் 125, பொது அறிவு 75, ஆக மொத்தம் 400. நேர்முகத்துக்கு 50. இறுதித் தரவரிசை 450-க்குப் போடப்படுகிறது. அதாவது நேர்முகத்தின் எடை ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி நேர்முகத்துக்கும் உண்டு. எழுத்தில் எவ்வளவு எடுத்திருந்தாலும் நேர்முகத்தில் 25-க்குக் கீழே போனால் கதை முடிந்தது. தமிழ்நாட்டுக்கு ஒரு பருவத்தில் கிடைக்கும் இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே ஐந்தாறு மதிப்பெண் வித்தியாசம் தரவரிசையை மாற்றிவிடும். எனவே உங்கள் பையனுக்கு முதல் வேலை சறுக்காமல் 25-ஐத் தாண்டுவது. அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

எழுத்துத் தேர்வில் அவனுடைய கணக்கும் இலக்கணமும் அளக்கப்பட்டுவிட்டன. நேர்முகத்தில் அதையே திரும்ப அளக்க மாட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தெரியாத பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து யோசித்துப் பேசுகிறானா, தெரியாததைத் தெரியாது என்கிறானா, வீட்டை விட்டு அத்தனை தூரத்தில் தாக்குப்பிடிப்பானா என்பதுதான் அங்கே பார்க்கப்படுவது. இதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருக்கும் கருவி ஒன்றே ஒன்று: அவன் சொன்ன பதிலிலிருந்தே எழும் அடுத்த கேள்வி.

பயிற்சி மையத்தின் 80 பதில்கள் கவிழ்வது இங்கேதான். ஒரு மாதிரி பாருங்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"உனக்குப் பிடித்த வீரர் யார்?"
"மேஜர் முகுந்த் வரதராஜன், சார்."
"நல்லது. அவருக்கு என்ன விருது கிடைத்தது?"
"பரம் வீர் சக்ரா, சார்."

முடிந்தது. முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக சக்ரா. பரம் வீர் சக்ரா போர்க்களத்தில் எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கான மிக உயர்ந்த விருது. அசோக சக்ரா போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கானது. பெயரை மட்டும் மனப்பாடம் செய்த பையன் இங்கே மாட்டிக்கொள்வான். விருதுப் பெயரும் தாளில் இருந்து அதையும் படித்திருந்தால், 'இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?' என்ற மூன்றாவது கேள்வியில் மாட்டுவான். ராணுவ தினம் ஜனவரி 15 என்று எல்லாப் பையன்களும் சொல்வார்கள். ஏன் அந்தத் தேதி என்று கேட்டால், 1949-ல் அன்றுதான் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார் என்று சொல்பவன் மேலே போய்விடுவான். கடற்படை தினம் டிசம்பர் 4, அது 1971 போரில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதை ஒட்டியது. விமானப்படை தினம் அக்டோபர் 8, 1932-ல் அந்தப் படை தொடங்கப்பட்ட நாள். தேதியோடு காரணமும் சேர்ந்தால்தான் அது பையனின் சொந்தச் சரக்கு.

அதனால் அந்த 80 தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். பதில்களை மட்டும் மடித்து மறைத்துவிட்டு, கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரு பதினைந்தைப் பொறுக்குங்கள்: தன்னைப் பற்றி, குடும்பம், ஊர், பள்ளி, பிடித்த பாடம், பிடிக்காத பாடம், விளையாட்டு, பொழுதுபோக்கு, கடைசியாகப் படித்த புத்தகம், நெருங்கிய நண்பன், ஏன் ராணுவம், ஏன் இந்தக் கல்லூரி, வீட்டைப் பிரிவது, சமீபத்தில் கவனித்த செய்தி, கோபம் வந்தால் என்ன செய்வாய். ஒவ்வொன்றுக்கும் அவனே வாயால் பதில் சொல்லட்டும், எழுத வேண்டாம். பதிலைக் கேட்டுவிட்டு நீங்களோ அவன் அம்மாவோ அதிலிருந்தே மூன்று கேள்வி போடுங்கள். 'கிரிக்கெட் பிடிக்கும்' என்றால்: எந்த இடத்தில் ஃபீல்டிங் நிற்பாய்? எல்.பி.டபிள்யூ. எப்போது கொடுப்பார்கள்? உன் டீம் கடைசியாக ஏன் தோற்றது? மூன்றில் இரண்டுக்குப் பதில் வரவில்லையென்றால் அந்த விஷயத்தைப் பையன் நேர்முகத்தில் எடுக்கவே கூடாது. 'புத்தகம் படிப்பேன்' என்று சொல்லி, கடைசியாகப் படித்தது எது என்றால் விழிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். நிஜமாகவே புறா வளர்க்கிறான், சைக்கிள் பஞ்சர் போடுவான் என்றால் அதையே சொல்லட்டும். அதில் எத்தனை கேள்வி வந்தாலும் தாங்குவான்.

இப்போது 'பிசினஸ்மேன்' விஷயம். அந்த யோசனை வந்த இடத்துக்கே திரும்பிப் போகட்டும். அப்பா என்ன செய்கிறார் என்பது நேர்முகத்தில் அநேகமாக நிச்சயம் வரும் கேள்வி. பயம் தெளியட்டும் என்று எளிதாகக் கேட்பது. 'பிசினஸ்மேன்' என்று சொன்னால் 'என்ன பிசினஸ்?' என்று அடுத்து கேட்டே தீருவார்கள். அப்போது பட்டறை என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், அப்பாவின் தொழிலுக்கு வெட்கப்படுகிறான் என்று தோன்றும். அதைவிடக் கெட்ட அபிப்பிராயம் வேறில்லை. நாமக்கல்காரர் ஒருவர் லாரி பாடி கட்டுகிறார் என்பது எவ்வளவு வளமான பதில் என்று யோசித்துப் பாருங்கள். 'கம்பெனியிலிருந்து சேஸிஸ் மட்டும் வரும், சார். இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங் இருக்கும், பல நேரம் கேபின்கூட இருக்காது. டிரைவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு பலகை மேல் உட்கார்ந்து ஓட்டி வருவார். கேபினும் பின்னால் சரக்குப் பெட்டியும் அப்பா பட்டறையில் கட்டுவார்கள்.' நாலே வாக்கியம். எந்தப் பயிற்சி மையத்தாலும் எழுதித் தர முடியாத பதில் இது, ஏனென்றால் பையன் கண்ணால் பார்த்தது.

இதை ஆங்கிலத்தில் சொல்ல அவனுக்கு வெல்டிங், ஷீட், டெயில் டோர், பெயிண்ட் என்று ஒரு இருபது சொல் தேவை. அதில் பாதி பட்டறையில் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், ஒரு வண்டி வந்ததிலிருந்து டெலிவரி போகிறவரை எத்தனை நாள், எத்தனை ஆள், மரம் எங்கே இரும்பு எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நடப்புச் செய்தியும் இதோடு ஒட்டிக்கொள்ளும்: 2025-லிருந்து புதிதாகத் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது டிரைவருக்கு ஏன் தேவை, பட்டறைக்கு அதனால் என்ன மாற்றம் என்று அவன் நாலு வரி பேசினால், செய்தித்தாள் படிக்கிறாயா என்ற கேள்விக்கே அவசியமிருக்காது.

ஊரைப் பற்றியும் இதே ஆழம் வேண்டும். நாமக்கல் என்றதும் முட்டை என்பார்கள். முட்டை விலையை யார் அறிவிக்கிறார்கள்? என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. ஏன் அப்படி ஒரு குழு தேவைப்பட்டது? இடைத்தரகர்கள் விலையை நிர்ணயித்ததால் பண்ணைக்காரர்கள் நஷ்டப்பட்டார்கள். மலைக்கோட்டை, கொல்லிமலை, நாமக்கல் கவிஞர் பற்றித் தலைக்கு இரண்டு வரி தெரிந்தால் போதும்.

உங்கள் ஊருக்கே உரிய வில்லங்கமான கேள்வி ஒன்று உண்டு: 'நாமக்கல்லில் இத்தனை விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஏன் டேராடூன்?' இதற்கு 'நாட்டுக்குச் சேவை செய்ய' என்ற ஒற்றை வரி போதாது. அது எல்லாப் பையனும் சொல்வது, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாலும் அதே பதில்தான். இங்கே பள்ளியின் உண்மைகள் தெரிந்திருக்க வேண்டும். ஆர்.ஐ.எம்.சி. 1922 மார்ச் 13-ல் வேல்ஸ் இளவரசர் பெயரில் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. புனே அருகில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு (என்.டி.ஏ.) பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் அதன் நோக்கம். 2022 முதல் மாணவிகளும் சேர்கிறார்கள், அதைப் பற்றி உன் கருத்து என்ன என்றும் கேட்கலாம். முதல் பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா அங்கே படித்தவர். 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் எஸ். பத்மநாபனும் அங்கே படித்தவர்தான்.

பெற்றோர்களே தவறாக நினைக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சேர்ந்தால் நேராக அதிகாரி ஆகிவிடலாம் என்பது உண்மையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரையும் போல யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வை எழுத வேண்டும், பிறகு ராணுவ அதிகாரிகளைப் பொறுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியத்தின் தேர்வையும் தாண்ட வேண்டும். இது தெரிந்து பேசும் பையன் வேறு மாதிரித் தெரிவான். அதே டேராடூனில் இருக்கும் இந்திய ராணுவ அகாடமி வேறு, இது வேறு. பெங்களூரு, பெல்காம், அஜ்மீர் போன்ற ஊர்களில் உள்ள ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகளும் வேறு. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியும் வேறு. அங்கே எழுத்துத் தேர்வும் மருத்துவ சோதனையும்தான், நேர்முகம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பள்ளி அனுபவத்தை வைத்துச் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தாது.

ஆங்கிலத் திணறலுக்கு வருகிறேன். எழுத்தில் 50 சதவீதம் தாண்டியவனுக்கு ஆங்கிலம் தெரியும். வாய்க்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். 24 நாளில் இலக்கணம் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள், இருக்கிற தைரியமும் போய்விடும். தினமும் இரண்டு வேலை போதும். காலையில் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தியை, ஏழெட்டு வரி, சத்தமாகப் படிக்க வேண்டும். மூடி வைத்துவிட்டுத் தன் வார்த்தையில் மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சாயங்காலம் இருபது நிமிடம், அன்று நடந்த ஏதாவது ஒன்றை ஆங்கிலத்திலேயே சொல்ல வேண்டும். தப்பு வந்தால் நடுவில் திருத்தாதீர்கள். பெற்றோர் செய்யும் பெரிய கெடுதல் அது. முடித்த பிறகு ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்லுங்கள். 'ஐ யாம் ஹேவிங் ஒன் சிஸ்டர்' போல அடிக்கடி வரும் நாலைந்து தப்புகளை வாரத்துக்கு இரண்டாகப் பிடித்தால் போதும். சின்ன வாக்கியமே பாதுகாப்பு. 'பிகாஸ்', 'விச்' என்று வாக்கியத்தை இழுக்கும்போதுதான் திணறல் வருகிறது. பதில் இருபதிலிருந்து நாற்பது வினாடிக்குள் இருக்கட்டும்: முதல் வாக்கியத்தில் நேரடிப் பதில், அடுத்த இரண்டு மூன்றில் ஒரு விவரம், பிறகு நிறுத்தம். நிறுத்தத் தெரியாமல் பேசிக்கொண்டே போகிறவனும் மதிப்பெண் இழப்பான்.

நடுவில் ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? முழுதாக உறைந்து போவதைவிட, 'சார், மே ஐ சே இட் இன் தமிழ்?' என்று அனுமதி கேட்பது நூறு மடங்கு மேல். தமிழ்நாட்டில் இந்தத் தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. என்பதால் அது வினோதமாகவும் தெரியாது. ஆனால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கேள்வி புரியவில்லையென்றால் 'பார்டன், சார்' என்று கேட்கலாம், அதில் தப்பே இல்லை. புரியாத கேள்விக்குத் தோராயமாகப் பதில் சொல்வதுதான் தப்பு.

தெரியாத கேள்வி கட்டாயம் வரும். சில சமயம் தெரியக்கூடாது என்றே கேட்பார்கள். இதற்கும் பயிற்சி தேவை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே பழகிய பையன், முதல் 'தெரியாது'வில் முகம் வெளுத்து, அடுத்து வரும் தெரிந்த கேள்வியையும் கோட்டை விடுவான். மாதிரி நேர்முகத்தில் பத்துக்கு இரண்டு கேள்வி அவனுக்குத் தெரியவே தெரியாததாக வையுங்கள். 'சாரி சார், ஐ டோன்ட் நோ' என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராகப் பழகட்டும். யோசித்தால் வரக்கூடிய கேள்வி வேறு வகை. 'உன் பள்ளியில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகும்?' என்றால் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது. 'ஆயிரம் பேர் இருக்கிறோம், தலைக்கு ஐந்து லிட்டர் என்றால் ஐயாயிரம் லிட்டர், சார்' என்று வாய்விட்டுக் கணக்குப் போட வேண்டும். அங்கே விடையைவிட வழிதான் மதிப்பெண் வாங்கும். ஒரு தகவல் நினைவில் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கும், யோசித்து எட்டக்கூடிய கேள்விக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பையனுக்கு நாலைந்து உதாரணத்தோடு விளக்கிவிடுங்கள்.

மாதிரி நேர்முகம் மூன்று போதும், ஆனால் கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. அப்பா முன்னால் பையன் வேறு, அந்நியர் முன்னால் வேறு. வங்கி மேலாளர் ஒருவர், ஓய்வு பெற்ற ராணுவத்தினர் ஒருவர், அவனுக்குப் பாடம் எடுக்காத ஆசிரியை ஒருவர் என்று மூன்று முகம் பாருங்கள். நாமக்கல், சேலம் பக்கம் முன்னாள் ராணுவத்தினரைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். செல்போனில் வீடியோ எடுத்து முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கால் ஆட்டுவது, நாற்காலி நுனியில் உட்காருவது, பதில் தேடும்போது கூரையைப் பார்ப்பது எல்லாம் அவனுக்கே தெரியும். நீங்கள் பத்துத் தடவை சொன்னாலும் திருந்தாதது ஒரு தடவை பார்த்தால் திருந்தும். முதலாவதைப் பத்தாம் நாளும், இரண்டாவதைப் பதினாறாம் நாளும், கடைசியை இருபதாம் நாளும் வையுங்கள். அதற்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். கடைசி மூன்று நாள் செய்தித்தாள் மட்டும் போதும். அதிகமாகத் தேய்த்த பையன் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பான்.

அவன் அம்மாவின் தயக்கத்தைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதை முதலில் தீர்க்க வேண்டும். 'அம்மாவை விட்டு இருந்துவிடுவாயா?' என்று கேட்க வாய்ப்பு அதிகம். வீட்டில் அந்தப் பேச்சு முடியாமல் இருந்தால் பதில் சொல்லும்போது பையனின் குரலிலேயே தெரிந்துவிடும். 'ஒரு பிரச்சினையும் இல்லை, சார்' என்று படாரென்று சொல்வது நம்பும்படி இருக்காது. பன்னிரண்டு வயதில் பிரச்சினை இருக்கத்தான் செய்யும். 'முதலில் கஷ்டமாக இருக்கும், சார். போன லீவில் ஒரு மாதம் பாட்டி வீட்டில் இருந்தேன். முதல் வாரம் அழுதேன், அப்புறம் பழகிவிட்டது' என்பது உண்மையாக இருந்தால் பிரமாதமான பதில். அப்படி எதுவும் நடந்ததில்லை என்றால் இந்த 24 நாளில் ஒரு வாரத்தை உறவினர் வீட்டில் கழிக்கட்டும். செய்தித்தாளும் பேச்சுப் பயிற்சியும் அங்கேயும் தொடரலாம்.

இன்று முதல் தன் படுக்கையைத் தானே விரித்து மடிக்கட்டும், சாக்ஸ், பனியனைத் துவைக்கட்டும், ஷூவுக்கு பாலிஷ் போடட்டும், காலை ஐந்தரைக்கு யாரும் எழுப்பாமல் எழட்டும். நேர்முகத்தில் 'உன் வேலைகளை நீயே செய்வாயா?' என்று கேட்டால் சொல்வதற்கு நிஜமான பதில் இருக்கும். இடம் கிடைத்தால் டேராடூனில் முதல் மாதமும் சுலபமாகப் போகும். ரயிலில் போனால் 2,000 கிலோமீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் நம் பிள்ளைகள் கண்டிராத குளிர். சாப்பாட்டில் சப்பாத்தி, பருப்பு, ராஜ்மா. இதையெல்லாம் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் அம்மாவும் அதே பேச்சில் உட்காரட்டும்.

இன்னொன்று. சொந்தக்காரர்கள் யாரும் இல்லாத ஒரு மாலையில் பையனிடம் நேராகக் கேளுங்கள்: 'உனக்குப் போக இஷ்டமா, எங்களுக்காகப் போகிறாயா?' இஷ்டமில்லை என்று சொன்னால், எவ்வளவு பணமும் நேரமும் செலவாகியிருந்தாலும், அதைக் காதில் வாங்குங்கள். கேட்பவர்கள் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள்: 'இது யாருடைய யோசனை?' அப்பாவுடையது என்று சொன்னாலும் தப்பில்லை. 'முதலில் அப்பா சொன்னார், பிறகு எனக்கே பிடித்தது, ஏனென்றால்...' என்று அந்த 'ஏனென்றால்' அவனுடையதாக இருந்தால் போதும்.

கோட்டு வேண்டாம். புதுக் கோட்டு தோளில் இறங்காமல் நிற்கும், கழுத்து இறுகும், சென்னை வெயிலில் வேர்த்து வழியும். பள்ளிச் சீருடை, துவைத்து இஸ்திரி போட்டது, கறுப்பு ஷூ. முடி வெட்டுவதை மூன்று நாளைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நகம் பாருங்கள். நெற்றியில் விபூதி வைப்பது வழக்கமென்றால் மெல்லிய கீற்று இருக்கட்டும். கையில் கட்டிய கயிறு, ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம்.

நாமக்கல்லிலிருந்து சென்னை ஏறத்தாழ 370 கிலோமீட்டர். இரவு பஸ்ஸில் போய் காலையில் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ முகம் கழுவிக்கொண்டு நேர்முகத்துக்குப் போவது பணத்தை மிச்சப்படுத்தும், மதிப்பெண்ணைச் சாப்பிடும். முந்தின நாள் மதியமே போய்ச் சேர்ந்துவிடுங்கள். அன்று சாயங்காலமே அழைப்புக் கடிதத்தில் உள்ள முகவரியை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பீக் அவர் நெரிசல் எவ்வளவு என்பது தெரியும். காலையில் இரண்டு மூன்று இட்லி போதும். கூப்பிடும் முன் பையன் பாத்ரூம் போய் வந்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்து, சரியாக அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார்கள்.

கோப்பு ஒன்றில் அழைப்புக் கடிதம் மேலே, அடுத்து பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று (புகைப்படமும் பிறந்த தேதியும் வகுப்பும் இருக்க வேண்டும்), இருப்பிடச் சான்று, பொருந்தினால் சாதிச் சான்றிதழ், ஆதார், விண்ணப்பத்தின் நகல். அசலும் நகலும் தனித்தனி உறையில் இருக்கட்டும். பெயரின் எழுத்தும் இனிஷியலும் எல்லாச் சான்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஒன்றில் 'கே', இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் இப்போதே தாசில்தார் அலுவலகத்திலோ பள்ளியிலோ சரிசெய்ய நேரம் இருக்கிறது. விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு, விளையாட்டு என்று ஏதாவது நிரப்பியிருந்தால் அதைப் பையன் ஒரு தடவை படித்துக்கொள்ளட்டும். அப்பா நிரப்பிய 'செஸ்' பற்றிக் கேட்கும்போது பையன் முழிப்பது புதிதில்லை.

காத்திருக்கும் கூடத்தில் மற்றப் பெற்றோர் கடைசி நேரத்தில் தலைநகரங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே வரும் பையன்களைச் சுற்றிக்கொண்டு 'என்ன கேட்டாங்க?' என்பார்கள். அதிலிருந்து உங்கள் பையனைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள், ஒவ்வொருவரிடமும் கேட்பது வேறு. கதவைத் திறந்து 'மே ஐ கம் இன், சார்?', வணக்கம், உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது, யார் கேட்டார்களோ அவரைப் பார்த்துப் பதில், பெண் அதிகாரி இருந்தால் 'மேடம்', எழும்போது நன்றி. சீருடையில் யாராவது இருந்தால் சல்யூட் அடிக்க வேண்டாம், அவன் இன்னும் கேடட் ஆகவில்லை.

இந்தி தெரியாதது தடையில்லை. அங்கே பாடம் ஆங்கிலத்தில். கேட்டால் 'இப்போது தெரியாது, சார், விடுதியில் நண்பர்களிடம் கற்றுக்கொள்வேன்' என்று சொன்னால் போதும். போன் செய்கிறவர் விஷயம் இன்னும் சுலபம்: எண்ணை பிளாக் செய்யுங்கள். மதிப்பெண்ணும் மருத்துவத் தகுதியும்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இப்படிப்பட்டவர்கள் பலரிடம் பணம் வாங்கி, தானாகவே தேறிய பையனின் பெற்றோரிடம் 'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்பார்கள், மற்றவர்களுக்குப் போனை எடுக்க மாட்டார்கள். பணம் கேட்டு மிரட்டினால் போலீஸில் புகார் கொடுங்கள்.

நேர்முகம் முடிந்து தரவரிசையில் வந்தால் ராணுவ மருத்துவமனையில் உடல் பரிசோதனை இருக்கும். அதில் தேறினால்தான் சேர்க்கை. காது அழுக்கு, சொத்தைப் பல், கண் பார்வை, தட்டைப்பாதம் இவற்றை உள்ளூர் மருத்துவரிடம் இப்போதே ஒரு தடவை காட்டிவிடுங்கள். காதும் பல்லும் சரிசெய்யக்கூடியவை, நாள் இருந்தால். சேர்க்கை உறுதி என்று கையில் கடிதம் வரும்வரை இப்போதைய பள்ளியில் டி.சி. வாங்காதீர்கள், கட்டணத்தையும் நிறுத்தாதீர்கள்.